பக்கெட்டை உதைத்தவர்கள், பர்ட்டனுக்குப் போனவர்கள்: ஆங்கிலம் சாவைப் பேசும் விதம்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்ஸ்டாகிராமில் 'பக்கெட் லிஸ்ட்'னு தேடிப் பாருங்க. லடாக் பைக் ரைடு, பாலியில் சூரிய உதயம், ஸ்கைடைவிங். எல்லாரும் சிரிச்ச முகமா போஸ் குடுத்துக்கிட்டு இருப்பாங்க. அந்த லிஸ்ட்டுக்கு நடுவில் ஒரு வாளி ஏன் உட்கார்ந்திருக்கு?

இந்தச் சொல்லுக்கு வயசு ரொம்பக் கம்மி. 2007-ல் ஜாக் நிக்கல்சனும் மார்கன் ஃப்ரீமனும் நடித்து ஒரு ஹாலிவுட் படம் வந்தது. புற்றுநோய் வந்த இரண்டு வயசான ஆண்கள், சாவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புகிற கதை. படத்தின் பெயரே 'த பக்கெட் லிஸ்ட்'. அந்தப் பெயர் எங்கேயிருந்து வந்தது என்றால், 'கிக் த பக்கெட்' என்ற பழைய மரபுத்தொடரிலிருந்து. வாளியை உதைப்பது என்றால் செத்துப்போவது. நம்ம ஊர்ல 'மண்டையைப் போட்டான்'னு சொல்ற மாதிரி.

படம் வந்து பத்து வருஷத்துக்குள் சாவு அந்தச் சொல்லிலிருந்து உதிர்ந்துவிட்டது. லிஸ்ட் மட்டும் மிச்சம். டிராவல் ஏஜென்சி விளம்பரத்தில்கூட வருகிறது.

இன்னைக்கு எபிசோடில் நான் பேசப்போவது இதைத்தான். ஆங்கிலத்தில் சாவைக் குறிக்கிற இந்தத் தொடர்களையெல்லாம் யார் உண்டாக்கினார்கள்? எந்த இடத்தில் நின்றுகொண்டு? நாம் ஆபீஸில் ஜாலியாகச் சொல்கிற சில வார்த்தைகளுக்குப் பின்னால் யார் யார் படுத்திருக்கிறார்கள்?

உள்ளே போவதற்கு முன்னால், ஸ்கூலில் படித்த இரண்டு இலக்கணச் சொற்களை ஞாபகப்படுத்திக்கலாம். நன்னூலில் தகுதி வழக்கு என்று ஒன்று வரும். அதில் 'மங்கலம்' ஒரு வகை. 'செத்தார்' என்று பட்டென்று சொல்லாமல் 'துஞ்சினார்', அதாவது உறங்கினார், என்று நாசூக்காகச் சொல்வது. இன்னொன்று 'குழூஉக்குறி'. ஒரு தொழிலைச் செய்கிறவர்கள் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்கிற சங்கேதச் சொல். பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று உதாரணம் சொல்லிக்கொடுத்தார்களே, அதேதான். ஆங்கிலத்தின் சாவுத் தொடர்களையும் இந்த இரண்டு பெட்டிக்குள் அழகாகப் பிரித்துப் போட்டுவிடலாம். முதலில் குழூஉக்குறிப் பெட்டியைத் திறப்போம். சுவாரசியமெல்லாம் அதில்தான்.

வாளியே இல்லாத பக்கெட்

1755-ல் சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற ஆங்கில அகராதி வந்தது. கனவான்களுக்கான அகராதி. முப்பது வருஷம் கழித்து, 1785-ல், லண்டனில் இன்னொரு அகராதி வந்தது. தொகுத்தவர் ஃபிரான்சிஸ் குரோஸ். கேப்டன் பட்டம் உண்டு, பழம்பொருள் ஆராய்ச்சி செய்கிறவர், நல்ல குண்டு மனிதர். அவர் தொகுத்தது தெருப் பேச்சு. அணிவகுத்து நடக்கிற சிப்பாய்கள், கப்பலில் நங்கூரம் இழுக்கிற மாலுமிகள், மீன் விற்கிற பெண்கள்: இவர்கள்தான் தன்னுடைய மேற்கோள் ஆசிரியர்கள் என்று முன்னுரையில் கிண்டலாகச் சொல்லிக்கொள்கிறார். அந்த அகராதியில் 'கிக் த பக்கெட்' இருக்கிறது. பொருள்: சாவது. அவ்வளவுதான், மேற்கொண்டு விளக்கம் இல்லை.

விளக்கம் இல்லாத இடத்தில் கதை முளைக்கும் இல்லையா? தூக்கில் தொங்குகிறவர் ஏறி நின்ற வாளியைக் காலால் உதைப்பார், அதிலிருந்து வந்தது என்று ஒரு கதை இன்றைக்கும் சுற்றுகிறது. ஆனால் ஆக்ஸ்போர்டு அகராதி வேறு பக்கம் சாய்கிறது. பழைய ஆங்கிலப் பேச்சு வழக்கில் 'பக்கெட்' என்ற சொல்லுக்கு வாளி இல்லாமல் இன்னொரு பொருள் இருந்தது. உத்தரம். அல்லது பாரம் தூக்கும் தடி, நம்ம காவடித்தண்டு மாதிரி. ஷேக்ஸ்பியரே 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் அந்தப் பொருளில் பயன்படுத்தியிருக்கிறார். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், நார்ஃபோக் பக்கம், பன்றியை அறுக்கும்போது பின்னங்கால்களைக் கட்டித் தலைகீழாக மாட்டுகிற மரக்கட்டைக்கு 'பக்கெட்' என்று பெயர். உயிர் போகிற நேரத்தில் கால் துடிக்கும். குளம்பு கட்டையில் மோதும். கிக் த பக்கெட்.

ஆக, இந்தச் சொல் பிறந்த இடம் கசாப்புக்கூடம். தினமும் சாவைக் கையால் தொடுகிற ஒருத்தர், ஒரு மனுஷன் செத்ததைத் தன் தொழிலின் பாஷையில் சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த நெருக்கம்தான். அடுத்தடுத்துப் பார்க்கப்போகிற தொடர்களிலும் அதைக் கவனிங்க.

சணல் கயிற்றின் விதவை

குரோஸின் அகராதியில் சாவுச் சொற்கள் நிறைய. அதில் பெரும் பங்கு ஒரே ஒரு சாவைப் பற்றியது: தூக்குத் தண்டனை.

லண்டனில் இன்றைக்கு மார்பிள் ஆர்ச் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் டைபர்ன் என்று ஒரு இடம். 1196 முதல் 1783 வரை, கிட்டத்தட்ட 600 வருஷம், அங்கே தூக்குப் போட்டார்கள். 1571-ல் அங்கே நிறுவிய தூக்குமரம் முக்கோண வடிவம். மூன்று உத்தரம், ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர், ஒரே நேரத்தில் 24 பேரைத் தொங்கவிடலாம். நியூகேட் சிறையிலிருந்து கைதிகளை வண்டியில் ஏற்றி, ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், ஊர் நடுவே மேற்கு நோக்கிக் கொண்டுபோவார்கள். வழியெல்லாம் திருவிழாக் கூட்டம்.

கொலைகாரர்கள் மட்டும் போன வழி இல்லை இது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த வண்டியில் போனவர்களில் பெரும்பாலோர் மீது திருட்டு, வழிப்பறி, கள்ள நோட்டு மாதிரி வழக்குகள்தான். ஒரு ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பிக்பாக்கெட் அடித்தாலே தூக்கு என்ற சட்டம் 1808 வரை புத்தகத்தில் இருந்தது.

இப்போ அந்தத் தெருக்களில் வாழ்கிற ஜனங்கள் இதை எப்படிப் பேசினார்கள் என்று பாருங்க. டைபர்ன் இருந்தது பாடிங்டன் பகுதி. அதனால் தூக்குப் போடுகிற நாளுக்கு 'பாடிங்டன் சந்தை நாள்' என்று பெயர். தொங்கும்போது கால் உதறுவதற்குப் பெயர் 'பாடிங்டன் ஆட்டம்'. அந்தக் காலத்துக் கயிறு சணல் மாதிரியான ஹெம்ப் நாரில் திரித்தது. அதனால் ஒருத்தனைத் தூக்கில் போட்டுவிட்டால் 'ஹெம்பன் ஃபீவர்' வந்து செத்தான் என்பார்கள். நார்க் காய்ச்சல். அவன் மனைவி 'ஹெம்பன் விடோ'. சணல் கயிற்றின் விதவை.

முதல்முறை படிக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. காய்ச்சலாம்! அப்புறம் அந்தக் கடைசிச் சொல்லில் நின்றுவிட்டேன். ஒரு விதவை வகைக்குத் தனியாக ஒரு பெயர் வேண்டியிருந்திருக்கிறது. ஒரே ஒரு பெண்ணுக்கு நடந்திருந்தால் பெயர் தேவைப்படாது. பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் நடந்தால்தான் சொல் உருவாகும். அகராதியில் அது ஒரு வரிதான். லண்டனின் ஏழைத் தெருக்களில் அது எத்தனை அடுப்படி என்று யோசிச்சுப் பாருங்க.

டைபர்னை வைத்து ஒரு பிரபலமான கட்டுக்கதையும் உண்டு. நண்பர்கள் பாரிலிருந்து கிளம்பும்போது 'ஒன் ஃபார் த ரோடு' என்று கடைசி ரவுண்டு சொல்வார்களே, அது தூக்குமேடைக்குப் போகிற கைதிக்கு வழியில் கொடுத்த கடைசிக் குவளை என்பார்கள். வழியில் செயின்ட் ஜைல்ஸ் பகுதியில் வண்டியை நிறுத்தி, கைதிக்குக் குடிக்கக் கொடுக்கிற வழக்கம் உண்மை. ஆனால் இந்தத் தொடர் எழுத்தில் தலைகாட்டுவது இருபதாம் நூற்றாண்டில். டைபர்ன் மூடி ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகு. அங்கே இருந்த உண்மையான சொற்களைத்தான் குரோஸ் எழுதிவைத்துவிட்டாரே. அவை இதைவிடக் கசப்பு.

காலி நாற்காலி

அடுத்த பட்டறை போர்க்களம். 1914 முதல் 1918 வரை, பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் வெட்டிய பதுங்குகுழிகள்.

1916 ஜூலை 1. சோம் ஆற்றுப் பகுதியில் பிரிட்டிஷ் படை தாக்குதல் தொடங்கிய முதல் நாள். அந்த ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள். காயம்பட்டவர்களையும் காணாமல்போனவர்களையும் சேர்த்தால் 57,470. இந்த மாதிரி ஒரு இடத்தில், காலையில் கூட டீ குடித்தவன் மத்தியானம் இல்லை என்பதை எந்தச் சொல்லால் சொல்வீங்க?

அவர்கள் சொன்னது: 'கான் வெஸ்ட்'. மேற்கே போய்விட்டான். சூரியன் விழுகிற திசை. இன்னொன்று 'புஷ்ஷிங் அப் டெய்சீஸ்'. டெய்சி என்பது இங்கிலாந்தில் புல்தரையெங்கும் தானாகப் பூக்கிற சின்ன வெள்ளைப் பூ. மண்ணுக்குள் படுத்துக்கொண்டு அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறான். மூன்றாவது, 'நபூ'. பிரெஞ்சுக் கடையில் சாமான் கேட்டால், தீர்ந்துபோச்சு என்று கடைக்காரர் பிரெஞ்சில் சொல்வார். பிரிட்டிஷ் சிப்பாய் காதில் அது 'நபூ' என்று விழுந்தது. ரொட்டி தீர்ந்தாலும் நபூ, ஆள் தீர்ந்தாலும் நபூ.

இதில் இந்தியாவிலிருந்து போன சொல் ஒன்றும் உண்டு: 'பிளைட்டி'. உருது, இந்தியில் 'விலாயத்தி' என்றால் வெளிநாட்டு, சீமையிலிருந்து வந்த என்று பொருள். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் வாயில் அது 'பிளைட்டி' ஆகி, கடைசியில் இங்கிலாந்துக்கே செல்லப் பெயர் ஆனது. பதுங்குகுழியில் 'பிளைட்டி காயம்' என்றால், உயிர் போகாது, ஆனால் ஊருக்கு அனுப்பிவிடுகிற அளவுக்குக் காயம். அப்படி ஒரு குண்டு தன்மேல் படணும் என்று வேண்டிக்கொண்டவர்கள் உண்டு. அந்த ஒரு சொல்லே அங்கே வாழ்க்கை எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போர். இப்போது விமானப்படை. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் ஏறக்குறைய 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. நூற்றுக்கு 44 பேர். எல்லாருமே தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். ராத்திரி கிளம்புவார்கள். காலையில் மெஸ்ஸில் சில நாற்காலி காலியாக இருக்கும்.

'எங்க அவன்?'

'பர்ட்டனுக்குப் போயிருக்கான்.'

'கான் ஃபார் எ பர்ட்டன்'. 1941-லேயே இது பதிவாகியிருக்கிறது. பர்ட்டன் ஆன் ட்ரென்ட் என்பது பீர் காய்ச்சுவதற்குப் பெயர்போன ஊர். ஒரு பீர் அடிச்சிட்டு வரப் போயிருக்கான், அவ்வளவுதான் என்கிற தொனி. 1950-களில் அமெரிக்க விமானிகள் 'பாட் த ஃபார்ம்' என்றார்கள், பண்ணையை வாங்கிட்டான். அதற்கும் முன்னால் பிரிட்டிஷ் படையில் வெறுமனே 'வாங்கிட்டான்' என்பார்கள். நம்ம ஊர் 'டிக்கெட் வாங்கிட்டான்' ஞாபகம் வருதா?

இது திமிரா, மரியாதைக் குறைவா என்று கேட்டால், நான் அப்படி நினைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர்களும் அதே விமானத்தில் ஏறணும். 'அவன் எரிந்து செத்தான்' என்று முழுசாகச் சொல்லிவிட்டால், அடுத்த படி ஏறக் கால் வராது. பர்ட்டன் என்பது அந்தப் படியை ஏற வைத்த சொல். நன்னூல் பாஷையில் சுத்தமான குழூஉக்குறி. குழுவுக்குள் இருக்கிறவன் சொன்னால் அது தைரியம். குழுவுக்கு வெளியே, வீட்டில் காத்திருக்கிற அம்மாவிடம் போய் அதே சொல்லைச் சொன்னால் கொடூரம். சொல் ஒன்றுதான், யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் மாறுகிறது.

அடிக்காத மணி

உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் இது ஒருமுறையாவது வந்திருக்கும். 'அந்தக் காலத்தில் மயக்கத்தில் இருக்கிறவர்களைச் செத்துவிட்டதாக நினைத்துப் புதைத்துவிடுவார்கள். அதனால் சவப்பெட்டிக்குள் விரலில் ஒரு கயிறு கட்டி, மேலே ஒரு மணியில் இணைப்பார்கள். ராத்திரி முழுக்கக் கல்லறையில் ஒரு ஆள் காவல் இருப்பார், அதுதான் கிரேவ்யார்ட் ஷிஃப்ட். மணி அடித்துப் பிழைத்தவர் சேவ்ட் பை த பெல். அவரே டெட் ரிங்கர்.'

ஒரே கதையில் மூன்று தொடர்! 1999-ல் ஆங்கிலத்தில் ஈமெயில் ஃபார்வர்டாக உலகம் சுற்றியது, இன்னும் ஓயவில்லை.

மூன்றுமே தப்பு. 'சேவ்ட் பை த பெல்' குத்துச்சண்டையிலிருந்து வந்தது. அடி வாங்கித் தள்ளாடுகிறவரை ரவுண்டு முடிகிற மணி காப்பாற்றும். 'ரிங்கர்' பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் குதிரைப் பந்தயச் சொல். பெயர் மாற்றி மோசடியாக ஓடவிடுகிற வேறு குதிரை. அதன் முன்னால் வருகிற 'டெட்' என்பதற்குச் சாவு அர்த்தமே கிடையாது. 'டெட் சென்டர்' என்கிறோமே, அச்சு அசலாக என்ற பொருள். 'கிரேவ்யார்ட் ஷிஃப்ட்', நடுராத்திரி வேலை கல்லறை மாதிரி அமைதியாக இருப்பதால் வந்த பெயர். நைட் ஷிஃப்ட் பார்க்கிற ஐடி நண்பர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

ஆனால் கதைக்குள் ஒரு உண்மை இருக்கிறது. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிஜமாகவே இருந்தது. 1799-ல் ஜார்ஜ் வாஷிங்டன் படுக்கையில் கிடந்தபோது, செத்து மூன்று நாள் ஆவதற்குள் என்னைக் கல்லறையில் வைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். 1896-ல் லண்டனில் இதைத் தடுப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். மணியும் குழாயும் வைத்த சவப்பெட்டிகளுக்குக் காப்புரிமையும் வாங்கியிருக்கிறார்கள். பெட்டி உண்மை, பயம் உண்மை. அதற்கும் இந்தத் தொடர்களுக்கும்தான் சம்பந்தம் இல்லை.

அப்புறம் ஏன் இந்தக் கதையை விடாமல் ஃபார்வர்டு பண்றோம்? என் ஊகம் என்னன்னா, இந்தக் கதையில் ஆள் பிழைச்சிடறார். கயிறு இழுபடுது, மணி அடிக்குது, மண்ணைத் தோண்டி வெளியே எடுத்துடறாங்க. கசாப்புக்கூடத்திலும் டைபர்னிலும் சோம் ஆற்றங்கரையிலும் அப்படி ஒரு மணி அடிக்கவே இல்லை.

கடந்து போனவர்

இப்போ இரண்டாவது பெட்டி. மங்கலம்.

'பாஸ்ட் அவே'. கடந்து போனார். பல நூற்றாண்டாக ஆங்கிலத்தில் இருக்கிற நாசூக்கு. நாம் அதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. ஏன்னா 'இறந்தார்' என்கிற நம் சொல்லும் அதேதான். 'இற' என்றால் கடந்துபோ. இறந்தகாலம் என்றால் செத்த காலம் இல்லை, கடந்துபோன காலம். புழங்கிப் புழங்கி, நாசூக்கே நேரடிச் சொல்லாக மாறிவிட்டது.

ஆங்கிலத்திலும் இது நடந்துகொண்டே இருக்கிறது. 'செமட்ரி' என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்குத் தூங்கும் இடம் என்று பொருள். நம்ம 'துஞ்சினார்' மாதிரியே. அண்டர்டேக்கர் என்றால் நைன்டீஸ் கிட்ஸுக்கு யார் ஞாபகம் வரும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு முதலில் 'ஒரு வேலையை ஏற்றுக்கொள்கிறவர்' என்றுதான் பொருள். கிட்டத்தட்ட கான்ட்ராக்டர். சாவு வேலை என்று சொல்லக் கூச்சப்பட்டு வைத்த பெயர். நாளாக ஆக அதிலும் சாவு வாடை ஏறிவிட்டது. 1895-ல் அமெரிக்காவில் அந்தத் தொழில்காரர்கள் 'மார்ட்டிசியன்' என்று புதுப் பெயர் உண்டாக்கினார்கள், ஃபிசிசியன் மாதிரி கேட்கட்டும் என்று. அதுவும் பழசாகி, இப்போ ஃப்யூனரல் டைரக்டர்.

இந்தியாவில் நமக்குப் பிடித்த ஆங்கிலச் சொல் 'எக்ஸ்பயர்ட்'. லத்தீனில் மூச்சை வெளியே விடுவது என்று பொருள். நல்ல சொல்தான். ஆனால் இன்றைக்கு மாத்திரை அட்டையும் ஏடிஎம் கார்டும்கூட எக்ஸ்பயர் ஆகின்றன.

மங்கலச் சொல் ஆறுதல் தரும், ஒத்துக்கிறேன். அது இடறுகிற இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன். என் சித்தப்பா ஐசியூவில் இருந்தபோது, ராத்திரி ஒரு இளம் டாக்டர் வெளியே வந்து, ரொம்ப மெதுவாக, 'வி லாஸ்ட் ஹிம்' என்றார். சித்திக்கு ஆங்கிலம் ஓரளவுதான். என் கையைப் பிடித்து, 'என்னப்பா சொல்றாரு? வேற வார்டுக்கு மாத்திட்டாங்களா?' என்று கேட்டார். டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் அந்தச் சொல்லை வாயில் வைக்க முடியவில்லை. 'சித்தி, சித்தப்பா இறந்துட்டாரு' என்று நான் சொன்ன பிறகுதான் அவர் அழ ஆரம்பித்தார்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற பயிற்சிகளில் இது முக்கியமான பாடம். சுற்றி வளைக்காதீர்கள், இறந்துவிட்டார் என்ற சொல்லைச் சொல்லுங்கள். மங்கலமும் வேண்டும், ஆனால் செய்தி போய்ச் சேர்ந்த பிறகு.

பத்தொன்பது அடி

கடைசியாக, நீங்களும் நானும் தினமும் சொல்கிற ஒரு சொல்.

டெட்லைன். 'டெட்லைன் எப்போ?' 'டெட்லைனை ரெண்டு நாள் தள்ளி வைங்க சார்.' சாவுக்கும் இதற்கும் என்ன என்று தோணும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர். தெற்கு மாநிலங்கள் பிடித்த வடக்குப் படைக் கைதிகளை அடைக்க, 1864 பிப்ரவரியில் ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் ஒரு முகாம் திறந்தார்கள். கூரை இல்லை, கட்டடம் இல்லை. உயரமான மரக்கட்டை வேலி, நடுவில் வெட்டவெளி, ஒரு சின்ன ஓடை. அந்த ஆகஸ்டில் அதற்குள் 30,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பதினான்கு மாதத்தில் மொத்தம் சுமார் 45,000 பேரை அடைத்து வைத்தார்கள். ஏறக்குறைய 13,000 பேர் செத்தார்கள். பெரும்பாலும் வயிற்றுப்போக்கு, சீதபேதி, வைட்டமின் சி இல்லாமல் வருகிற ஸ்கர்வி.

வேலிக்கு உள்பக்கம், சுமார் 19 அடி தள்ளி, குச்சி நட்டு மேலே மெல்லிய சட்டம் அடித்திருந்தார்கள். இடுப்பளவுகூடத் தடுக்காத ஒரு கோடு. அதைத் தாண்டினால் மேலே கூண்டில் நிற்கிற காவலன் சுடுவான், எச்சரிக்கை கிடையாது. அதன் பெயர் 'டெட் லைன்'. ஓடையில் மனுஷக் கழிவு கலக்காத தண்ணீர் அந்தக் கோட்டை ஒட்டித்தான் கிடைக்கும். அதற்காகக் கை நீட்டிச் செத்தவர்கள் உண்டு. போர் முடிந்ததும் முகாம் அதிகாரி ஹென்றி விர்ஸை விசாரித்து 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டார்கள். விசாரணைச் செய்திகளில் இந்தக் கோடு நாடு முழுக்கப் பேச்சானது. பிறகு தாண்டக்கூடாத எந்த எல்லைக்கும் அந்தப் பெயர் ஆனது. அச்சு இயந்திரத்தில், இதற்கு வெளியே எழுத்து பதியாது என்கிற கோட்டையும் டெட்லைன் என்றார்கள். 1920 வாக்கில் பத்திரிகை ஆபீஸ்களில் அது நேரத்தின் எல்லை ஆகிவிட்டது. அங்கேயிருந்து நம்ம கேலண்டருக்கு.

இந்த முகாமில் ஒரு பையன் இருந்தான். பெயர் டோரன்ஸ் அட்வாட்டர். கனெடிகட்காரன், வயசு 19. கையெழுத்து நன்றாக இருந்ததால் மரணப் பதிவேடு எழுதுகிற வேலையை அவனிடம் கொடுத்தார்கள். தினமும் செத்தவர்களின் பெயர், படைப்பிரிவு, நோய், தேதி, ஒரு எண். அந்த எண்ணைக் கல்லறையில் ஒரு குச்சியில் எழுதி நடுவார்கள். இந்தப் பதிவேடு ஒருநாள் காணாமல்போகும் என்று அவனுக்குத் தோன்றியது. ரகசியமாக இன்னொரு நகல் எழுதினான். விடுதலையானபோது அதைக் கோட்டுக்குள் தைத்து வெளியே கொண்டுவந்தான்.

1865 கோடையில், போர்க்களச் செவிலியராகப் பெயர்பெற்ற கிளாரா பார்ட்டனோடு அவன் ஆண்டர்சன்வில்லுக்குத் திரும்பிப் போனான். பட்டியலைக் குச்சியோடு ஒப்பிட்டு ஒவ்வொரு கல்லறைக்கும் பெயர்ப் பலகை நட்டார்கள். ஏறக்குறைய 13,000 கல்லறைகளில், அடையாளம் தெரியாதவர் என்று எழுத வேண்டிவந்தது 460-க்கு மட்டும்தான். அந்தப் பட்டியல் யாருக்குச் சொந்தம் என்று ராணுவத்தோடு தகராறு வந்து, திருடியதாக அட்வாட்டரைச் சிறையில் போட்ட கொடுமையும் நடந்தது. வெளியே வந்ததும் 1866-ல் அதை அச்சிட்டுவிட்டான். மகன் என்ன ஆனான் என்று தெரியாமல் காத்திருந்த குடும்பங்களுக்கு அதுதான் முதல் தகவல்.

அதே முகாமில் பிறந்த 'டெட் லைன்' இன்று உலகமெங்கும் தெரிந்த சொல். அந்தப் பையனின் பட்டியலைத் தேடிப் படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் உவமை இல்லை, கிண்டல் இல்லை, நாசூக்கு இல்லை. பெயர், படைப்பிரிவு, என்ன நோய், எந்தத் தேதி, எந்தக் கல்லறை. ஒரு அம்மா தேடிப்போய் நிற்பதற்கு அந்த ஐந்தும் போதும்.

இதைக் கேட்டுட்டு நாளைக்கு ஆபீஸ்ல டெட்லைன்னு சொல்றதை யாரும் நிறுத்தப்போறதில்லை, நானும் நிறுத்த மாட்டேன். அந்த 19 அடி மட்டும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

உங்களுக்குத் தெரிந்த குழூஉக்குறி இருந்தால் எழுதி அனுப்புங்க. ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு, எந்தத் தொழிலானாலும் சரி. அடுத்த எபிசோடில் பேசுவோம்.